மடற்குழுவில் 163 பேருக்கு மடல் நின்றுவிட்டது, கூடவே பதில் பொத்தான் தகராறு

செம்பூர் கிழவன்
செவ்வாய், இரவு 9.40

வணக்கம். மெயில் சர்வர் வேலை தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்று மகன் சொன்னான், ஐடியும் அவனே எடுத்துக் கொடுத்தான். எனக்கு 68 வயது. மும்பை ஃபோர்ட்டில் ஒரு வங்கியின் கிளியரிங் பிரிவில் பாதி வாழ்க்கையைக் கழித்தவன். பௌன்ஸ் என்றால் எனக்குத் தெரிந்தது செக் மட்டும்தான். இந்த வயதில் மெயில் பௌன்ஸில் வந்து மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

மாட்டுங்காவில் ஒன்றாகப் படித்த 212 பேர் ஒரு மடற்குழு வைத்திருக்கிறோம், குழு முகவரிக்கு ஒரு மெயில் எழுதினால் எல்லோருக்கும் போகும். முதலில் யாஹூ குரூப்ஸில் இருந்தது. 2020 டிசம்பரில் அதை மூடியபோது மகன் ஒரு சின்ன ஹோஸ்டிங் கணக்கு வாங்கி, மெயில்மேன் என்ற மென்பொருளில் குழுவை அமைத்துக் கொடுத்தான். நிர்வாகி நான். யாராவது பாஸ்வேர்டை மறந்தால் என்னைத் திட்டுவார்கள், அதுதான் நிர்வாகம்.

போன புதன்கிழமை எங்கள் செட்டில் ஒருவன் காலமானான். காட்கோபர்காரன். காலை ஒன்பது மணிக்கே குழுவில் செய்தி போட்டுவிட்டேன்: சாயங்காலம் நாலு மணி, சயான் மயானம். இப்படி ஒரு செய்தி போனால் பத்து நிமிஷத்தில் பதில் வர ஆரம்பிக்கும். தானேயிலிருந்தும் வாஷியிலிருந்தும் கிளம்பி வந்துவிடுவார்கள். அன்று எங்கள் செட்டில் நாலே பேர் நின்றோம். நல்ல மழை, டிரெயின் நின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை செட்டா நகர் முருகன் கோயில் வாசலில் ஒருவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஏன்டா எனக்குச் சொல்லலை?" என்று கேட்டு அங்கேயே அழுதான். அவனுக்கு மடல் வரவே இல்லை.

வீட்டுக்கு வந்து உறுப்பினர் பக்கத்தைத் திறந்தால், 163 பேருக்கு எதிரே ‘மடல் வேண்டாம்’ கட்டத்தில் டிக் விழுந்திருக்கிறது. பக்கத்தில் ‘பி’ என்று ஓர் எழுத்து. நான் போட்டது இல்லை. அவர்களே சேர்ந்து முடிவெடுத்திருப்பார்கள் என்று சொல்லவும் வழியில்லை, இரவுச் சாப்பாட்டுக்கு எந்த ஹோட்டல் என்பதிலேயே ஒத்துப்போகாதவர்கள்.

பார்த்தவரை எல்லாம் ஜிமெயில், கொஞ்சம் யாஹூ. கம்பெனி முகவரி, சொந்த டொமைன் வைத்திருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் முகவரி அந்த ஹோஸ்டிங்கிலேயே இருப்பதால் எனக்கு எல்லாம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அதனால்தான் தெரியவே இல்லை.

இரண்டாவது தகராறு. எங்கள் குழுவில் பதில் பொத்தானை அழுத்தினால் மடல் குழுவுக்கே போகும். யாஹூ காலத்துப் பழக்கம், அப்படியே விட்டிருந்தோம். போன மாதம் ஒருவன், "தங்கை பேத்திக்கு ஒரு வரன் வந்திருக்கிறது, முலுண்ட் குடும்பம், யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டான். இன்னொருவன் அவனுக்கு மட்டும் எழுதுவதாக நினைத்துக்கொண்டு, "பையனின் தாத்தாவோடு இருபது வருஷம் ஒரே லோக்கல் டிரெயினில் போயிருக்கிறேன். கைமாற்றைத் திருப்பிக் கேட்டால் தாதர் வரும்வரை கண்ணைத் திறக்க மாட்டார்" என்று எழுதிவிட்டான். 212 பேருக்கும் போய்விட்டது. அந்தத் தாத்தாவின் சம்பந்தி எங்கள் குழுவில் இருக்கிறார்! வரன் போயிற்று, இவர்கள் இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தையும் போயிற்று. ஆர்க்கைவிலிருந்து எடு என்றார்கள், எடுத்தேன். ஊரில் உள்ள இன்பாக்ஸிலிருந்தெல்லாம் நான் எப்படி எடுப்பது?

இதை மாற்றச் சொல்லிப் பாதிப் பேர், மாற்றினால் குழு செத்துவிடும் என்று பாதிப் பேர். என்ன செய்யலாம்?

கடைசியாக ஒரு சின்னச் சந்தேகம். வாரம் தவறாமல் ஒரு முகவரியிலிருந்து பௌன்ஸ் வருகிறது. அந்த முகவரி எங்கள் பட்டியலிலேயே இல்லை. பேய் மாதிரி.


டோம்பிவலி ஃபாஸ்ட்
செவ்வாய், இரவு 10.05

சார், உங்கள் நண்பர் மறைவுக்கு வருந்துகிறேன். தப்பாக நினைக்காதீர்கள், இந்தக் காலத்தில் எதற்கு மடற்குழு? ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினால், போட்ட செய்தியின் விவரத்தைத் திறந்ததும் யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்று தெரிந்துவிடும்.


செம்பூர் கிழவன்
செவ்வாய், இரவு 10.20

தம்பி, வாட்ஸ்அப்பும் இருக்கிறது. அதில் காலையில் ரோஜாப்பூ, ராத்திரியில் நிலா. மயானத்துக்கு எத்தனை மணி என்பது அந்த ரோஜாக்களுக்கு நடுவில் போய்விடும். மடற்குழுவில் 2003இல் ஒருவன் எழுதிய கடிதத்தை இன்றைக்கும் தேடி எடுக்கிறோம். அதை விட மனசில்லை.


ஐரோலி சர்வர் அறை
செவ்வாய், இரவு 11.15

சார், ஷிப்ட்டில் இருக்கிறேன், அதனால் விட்டுவிட்டு எழுதுவேன்.

அந்த ‘பி’ என்பது பௌன்ஸ், அதாவது மடல் போய்ச் சேராமல் திரும்பி வந்தது. ஆட்கள் விலகவில்லை, மென்பொருள்தான் அவர்களை நிறுத்தி வைத்திருக்கிறது. காரணம் ஊகம் இருக்கிறது, ஆனால் ஊகத்தில் மருந்து சொல்ல மாட்டேன். ஒருவரை நிறுத்தும்போது மெயில்மேன் நிர்வாகிக்கு ஒரு அறிவிப்பு அனுப்பும், திரும்பி வந்த மடலும் அதோடு ஒட்டியிருக்கும். 163 அறிவிப்பு எங்கேயாவது இருந்தாக வேண்டும். ஒன்றைத் திறந்து, 550 என்றோ 552 என்றோ மூன்று இலக்க எண்ணில் தொடங்கும் வரியை இங்கே எழுதுங்கள். அதைவிட முக்கியம், திரும்பி வந்த மடலை எழுதியது யார் என்று பாருங்கள். யாருக்குப் போகவில்லை என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.


செம்பூர் கிழவன்
புதன், காலை 7.30

இருக்கிறது. நிர்வாகி முகவரிக்கு வருவதெல்லாம் தானாக ஒரு ஃபோல்டருக்குப் போகும்படி மகன் வைத்திருந்தான், "அப்பா, இதெல்லாம் நீ பார்க்க வேண்டாம்" என்று. நான் பார்க்கவே இல்லை. 163உம் அங்கே வரிசையாகக் கிடக்கிறது, எல்லாம் போன வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை, ஆறே காலுக்குள்.

எண் 550, பக்கத்தில் 5.7.26. யாஹூவிலிருந்து வந்ததாகச் சொல்லும் இந்த மடல் உறுதிப்படவில்லை, அந்த டொமைனின் டிமார்க் கொள்கைப்படி ஏற்க முடியாது என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. பத்து அறிவிப்பு பிரித்தேன், பத்திலும் அதே வரி.

எழுதியவன் யார் என்று பார்த்தால் பத்திலும் ஒரே ஆள். எங்கள் பஞ்சாங்க நண்பன். தினம் காலை ஆறு மணிக்குத் திதி, நட்சத்திரம், ராகு காலம் போடுவான். பல வருஷமாகப் போடுகிறான், யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. அந்தத் திங்கட்கிழமையிலிருந்துதான் யாஹூ முகவரியிலிருந்து போடுகிறான். அவனுடைய ஜிமெயில் நிரம்பிவிட்டதாம், வாட்ஸ்அப் பேக்கப்பும் பேரன் வீடியோக்களும் சேர்ந்து 15 ஜிபியையும் தின்றுவிட்டன. மாப்பிள்ளை பழைய யாஹூ முகவரியைத் தூசு தட்டிக் கொடுத்திருக்கிறார்.


ஐரோலி சர்வர் அறை
புதன், மதியம் 1.50

அவ்வளவுதான் சார், ஆள் கிடைத்துவிட்டது. பாவம், அவர் மேல் தப்பே இல்லை. யாஹூ மேலும் இல்லை, ஜிமெயில் மேலும் இல்லை. உங்கள் குழு அமைப்பில்தான் ஓட்டை.

கிளியரிங்காரருக்குக் கிளியரிங் பாஷையில் சொல்கிறேன். ஒருவர் செக் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். வழியில் யாரோ அதில் இரண்டு வார்த்தை கூடுதலாக எழுதிவிடுகிறார்கள். கையெழுத்து அசல்தான், ஆனாலும் திருத்தல் இருக்கிறது என்று மெமோ ஒட்டித் திருப்பி அனுப்புவீர்கள் இல்லையா? யாஹூவிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு மடலிலும் டிகிம் என்று ஒரு கையெழுத்து இருக்கும். அது மடலின் தலைப்பையும் உள்ளே இருக்கும் எழுத்தையும் வைத்துக் கணக்குப் போட்டது. உங்கள் குழு என்ன செய்கிறது? தலைப்பின் முன்னால் சதுர அடைப்புக்குறியில் குழுவின் பெயரைச் சேர்க்கிறது. அடியில் ‘விலக இங்கே அழுத்தவும்’ என்று இரண்டு வரி ஒட்டுகிறது. கணக்கு மாறியது, கையெழுத்து செல்லாது.

இன்னொரு சோதனை எஸ்பிஎஃப். எந்தக் கிளையிலிருந்து இந்தச் செக் வந்தது என்பது மாதிரி. மடலைக் கொண்டுபோய்க் கொடுப்பது உங்கள் ஹோஸ்டிங் சர்வர், உறையின் மேல் இருப்பதும் உங்கள் குழுவின் முகவரி. அந்த அளவில் அது செல்லும். ஆனால் உள்ளே ‘அனுப்புநர் யாஹூக்காரர்’ என்று இருக்கிறது, இரண்டும் ஒத்துப்போகவில்லை. டிமார்க் என்பது இந்த இரண்டையும் வைத்து அனுப்புநர் அசலா என்று பார்க்கும் விதி. அதற்கு இரண்டில் ஒன்றாவது அனுப்புநரின் டொமைனோடு பொருந்த வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பு என்று யாஹூ 2014 ஏப்ரலிலிருந்தே ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறது. அந்த மாதம் உலகம் முழுக்க மடற்குழு நிர்வாகிகள் இப்படித்தான் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். உங்களுக்குக் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இனிமேல்தான் வேடிக்கை. செக் திரும்பினால் எழுதிக் கொடுத்தவரைத்தானே பிடிப்பீர்கள்? மெயில்மேன் வாங்குபவரைப் பிடிக்கும். ஒருவருக்குப் போன மடல் திரும்பி வந்தால் அவர் முகவரி செத்துவிட்டது என்று நினைத்து அவர் கணக்கில் ஒரு புள்ளி ஏற்றும். ஒரு நாளைக்கு எத்தனை மடல் திரும்பினாலும் ஒரு புள்ளிதான். ஏழு நாள் ஒன்றும் திரும்பவில்லை என்றால் பழைய புள்ளி போய்விடும். ஐந்து புள்ளி சேர்ந்தால் மடலை நிறுத்திவிடும். உங்கள் நண்பர் திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி என்று ஐந்து நாள் தவறாமல் பஞ்சாங்கம் போட்டார். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு ஜிமெயில்காரர்கள் அத்தனை பேரும் ஐந்தைத் தொட்டுவிட்டார்கள். அவர் பத்து நாளைக்கு ஒருமுறை மட்டும் போடுபவராக இருந்தால் இது நடந்தே இருக்காது.


செம்பூர் கிழவன்
புதன், மதியம் 2.30

வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்குத்தானே ஆரம்பம். ஆறு மணிக்கே வந்துவிட்டதே.

சரி, ஒன்று கேட்கிறேன். நிறுத்தப்பட்டவர்களுக்கு அறிவிப்பு எதுவும் போகாதா? யாரும் என்னிடம் சொல்லவில்லையே.


ஐரோலி சர்வர் அறை
புதன், மாலை 4.10

போயிருக்கும். ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை போகும், அப்புறம் பெயரையே பட்டியலிலிருந்து எடுத்துவிடும். உங்கள் கணக்கில் இரண்டு போய்விட்டது, மூன்றாவது இந்த வெள்ளி. அதற்கடுத்த வாரம் 163 பேரும் பட்டியலிலேயே இருக்க மாட்டார்கள், அதனால் வேகமாகச் செய்யுங்கள்.

அறிவிப்பு ஆங்கிலத்தில் இருக்கும், ‘உங்கள் உறுப்பினர் நிலை நிறுத்தப்பட்டது, தொடர இந்த லிங்கை அழுத்தவும்’ என்று. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நாமேதானே சொல்லி வைத்திருக்கிறோம், கணக்கு முடக்கப்பட்டது, லிங்கை அழுத்து என்று வந்தால் தொடாதே என்று. சொன்ன பேச்சைக் கேட்டு அழித்திருப்பார்கள்.

செய்ய வேண்டியது. முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும், அதற்கு முன்னால் யாரையும் திரும்பச் சேர்க்காதீர்கள். அப்படிச் சேர்த்தால் அடுத்த ஐந்து பஞ்சாங்கத்தில் மறுபடியும் வெளியே போவார்கள். தனியுரிமை விருப்பங்களில் அனுப்புநர் வடிகட்டி என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் டிமார்க் நடவடிக்கை என்ற வரியில், அனுப்புநரை மாற்றி எழுதும் தேர்வைப் போடுங்கள். மெயில்மேன் 2.1.18இலிருந்து எல்லாப் பதிப்பிலும் இது உண்டு. யாஹூ மாதிரி கண்டிப்பான டொமைனிலிருந்து வரும் மடலுக்கு மட்டும், அனுப்புநர் இடத்தில் ‘இன்னார், குழு வழியாக’ என்று குழுவின் முகவரி வந்துவிடும். மற்றவர்கள் மடல் அப்படியே போகும். பொதுப் பக்கத்தில் இதே மாதிரி எல்லோருக்கும் சேர்த்து மாற்றும் ஒரு தேர்வு இருக்கிறது, அது வேண்டாம். 212 பேரும் ‘குழு வழியாக’ என்று வந்தால் யார் எழுதியது என்றே தெரியாமல் போகும்.

தலைப்பு ஒட்டையும் அடிவரியையும் எடுத்துவிட்டால் கையெழுத்து கெடாமல் போகுமே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் தலைப்பில் குழுவின் பெயரைப் பார்த்துத்தான் உங்கள் ஆட்கள் திறப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அப்புறம் அந்தப் பேய். உங்கள் உறுப்பினர் ஒருவர் பழைய முகவரிக்கு வருவதை இன்னொரு முகவரிக்குத் திருப்பிவிட்டிருக்கிறார். அந்த இரண்டாவது முகவரி செத்துவிட்டது. பௌன்ஸில் அதன் பெயர்தான் வரும், உங்களிடம் இருப்பது முதல் முகவரி. இதற்கு வெர்ப் என்று ஒரு வழி இருக்கிறது. 1990களில் டேனியல் பெர்ன்ஸ்டைன் தன் க்யூமெயில் என்ற மெயில் சர்வர் மென்பொருளுக்காகக் கொண்டுவந்தது. ஒவ்வொருவருக்கும் போகும் உறையில், திரும்பி வர வேண்டிய முகவரிக்குள்ளேயே அந்த உறுப்பினரின் முகவரியையும் சேர்த்து எழுதிவிடுவது. எங்கே சுற்றி எங்கே செத்தாலும், திரும்பி வரும்போது கிளம்பிய முகவரியைச் சொல்லிவிடும். ஹோஸ்டிங்காரரிடம் இதைப் போடச் சொல்லுங்கள், அடுத்த பௌன்ஸில் பேய் யார் வீட்டுப் பேய் என்று தெரிந்துவிடும்.


முலுண்ட் மாமி
புதன், மாலை 6.45

முலுண்ட் வரன் என்றதும் ஒரு நிமிஷம் வயிற்றைக் கலக்கியது. நல்லவேளை, எங்கள் வீட்டில் கைமாற்று வாங்கும் தாத்தா யாரும் இல்லை.

அண்ணா, பதில் பொத்தான் விஷயத்தில் என் அனுபவத்தைச் சொல்கிறேன். பஜனைக் குழுவுக்காக அறுபது பேர் பட்டியல் ஒன்றை ஒன்பது வருஷமாக நான் பார்த்துக்கொள்கிறேன். நாங்களும் உங்களைப் போலத்தான், பதில் குழுவுக்கே. ஒரு நாள் ஒரு பெண் தன் பயாப்ஸி ரிப்போர்ட் என்ன ஆயிற்று என்று என்னிடம் மட்டும் சொல்வதாக நினைத்து எழுதிவிட்டாள். அவள் மாமியாருக்கே அதுவரை தெரியாது. மாமியாரும் அந்தப் பட்டியலில் இருந்தார்.

அன்றைக்கே மாற்றிவிட்டேன், பதில் எழுதியவருக்கு மட்டும். மாற்றினால் குழு செத்துவிடும் என்று எங்களிடமும் சொன்னார்கள். செத்துப்போகவில்லை, கொஞ்சம் மெலிந்தது, உண்மையை ஒத்துக்கொள்கிறேன். ‘நன்றி’, ‘அருமை’, ‘நானும் வருகிறேன்’ எல்லாம் நின்றுவிட்டது. அது நின்றதில் யாருக்கு நஷ்டம்?

ஒரு கணக்குப் பாருங்கள். எல்லோருக்கும் போக வேண்டியது தவறி ஒருவருக்குப் போனால், அவர் ‘குழுவுக்கும் அனுப்புங்கோ’ என்பார், மறுபடி அனுப்பினால் முடிந்தது. ஒருவருக்குப் போக வேண்டியது தவறி எல்லோருக்கும் போனால் பிரம்மா வந்தாலும் திரும்ப எடுக்க முடியாது.

ஆனால் ஒன்று, போனில் மேலே தெரியும் அம்புக்குறி ஒருவருக்கு மட்டும்தான். எல்லோருக்குமான பொத்தானைத் தேடிப் போக வேண்டும். எங்கள் ஆட்களுக்கு நேரில் உட்கார வைத்து அவரவர் போனிலேயே காட்டிக் கொடுத்தேன், பிரசாதம் கொடுக்கும் நேரத்தில்.


டோம்பிவலி ஃபாஸ்ட்
புதன், இரவு 8.00

மாமி சொல்வது சரிதான், ஆனால் பஜனைக் குழுவும் பழைய நண்பர் குழுவும் ஒன்றில்லை. இவர்கள் பேசிக்கொள்ளத்தானே குழு? ஒருவர் கேட்டு, இன்னொருவர் பதில் சொல்லி, மூன்றாமவர் ‘டேய் அது 72இல் இல்லை, 73இல்’ என்று சண்டை போட்டால்தான் அதில் சுவை. பதில் எல்லாம் தனித்தனியாகப் போனால் குழுவில் கேள்விகள் மட்டும்தான் மிஞ்சும். என் ஓட்டு இப்போது இருப்பதுக்கே.


ஐரோலி சர்வர் அறை
புதன், இரவு 11.40

இந்தச் சண்டை மடற்குழுக்கள் பிறந்த நாளிலிருந்து நடக்கிறது, இங்கே தீராது. என் பங்குக்கு ஒரு பழைய வடு.

சில வருஷம் முன்னால் அந்தேரியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அங்கே ஊழியர் பட்டியல் ஒன்று, பதில் பட்டியலுக்கே போகும். ஒருவர் தீபாவளிக்குத் திருநெல்வேலி போகும்போது ‘விடுமுறையில் இருக்கிறேன், 12ஆம் தேதி வருவேன்’ என்று தானியங்கி பதில் போட்டுவிட்டுப் போனார். ஒழுங்கான தானியங்கி, பட்டியல் மடலுக்குப் பதில் சொல்லாது. தலைப்பில் இது பட்டியல் மடல் என்று குறி இருக்கும், அதைப் பார்த்து வாயை மூடிக்கொள்ளும். இவருடையது அசட்டுத் தானியங்கி. பதில் முகவரியைப் பார்த்தது, பட்டியலுக்கு அனுப்பியது. பட்டியல் அதை எல்லோருக்கும் அனுப்பியது, அவருக்கும் சேர்த்து. அவர் தானியங்கி மறுபடி பதில் சொன்னது. விடிவதற்குள் நானூற்றுச் சொச்சம் மடல், எல்லாவற்றிலும் ‘12ஆம் தேதி வருவேன்’. பாளையங்கோட்டையில் அவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். காலை மூன்று மணிக்கு எனக்குத்தான் போன். அவசர நிறுத்தம் என்று ஒரு தேர்வு இருக்கிறது, போட்டால் வரும் மடல் எல்லாம் நிர்வாகியின் ஒப்புதலுக்கு நிற்கும். அந்த ஒரு டிக்கைப் போட்டுவிட்டுத்தான் டீ குடித்தேன். சார், அது எங்கே இருக்கிறது என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் என் ஓட்டு மாமிக்கு. மெயில்மேன்காரர்களே பொதுவான பட்டியல்களுக்கு அதைத்தான் சிபாரிசு செய்கிறார்கள்.

எந்தப் பக்கம் போனாலும் ஒன்று. மடலில் ஏற்கெனவே இருக்கும் பதில் முகவரியை அழித்துவிடு என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் போடாதீர்கள். தன் பதிலை வேறு முகவரிக்குக் கேட்டிருப்பவரின் முகவரி அதோடு போய்விடும்.

மாற்றியதும் சிலர், ‘நான் போட்ட மடல் எனக்கே வரவில்லை’ என்று உங்களைப் பிடிப்பார்கள். ஜிமெயில்காரராக இருந்தால் அது பௌன்ஸ் இல்லை. தான் அனுப்பிய மடல் குழு வழியாகச் சுற்றி வந்தால், இது ஏற்கெனவே அனுப்பியவற்றில் இருக்கிறதே என்று ஜிமெயில் இன்பாக்ஸில் காட்டாது.

பின்னால் சாவகாசமாக ஒரு வேலை: மெயில்மேன் 2 பைத்தான் 2இல் எழுதியது, பைத்தான் 2க்கு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது. மெயில்மேன் 3க்கு மாறச் சொல்லி உங்கள் மகனிடம் சொல்லுங்கள். இந்த வாரம் வேண்டாம்.


செம்பூர் கிழவன்
சனி, காலை 11.00

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை காலை முதலில் ஓட்டையை அடைத்தேன். பஞ்சாங்க நண்பனைப் போனில் கூப்பிட்டு ஒரு பஞ்சாங்கம் போடச் சொன்னேன். ஜிமெயிலில் ஒரு சோதனை முகவரி தொடங்கி வைத்திருந்தேன், அதில் வந்து விழுந்தது. அவனுக்கு மட்டும் கோபம். ‘எம்பேருக்குப் பின்னாடி குழு வழியாகன்னு ஏன் போட்டே, நான் என்ன ஏஜென்டா?’ என்கிறான். இதில் ஒரு கூத்து, நிறுத்தப்பட்ட யாஹூக்காரர்களில் அவனும் ஒருவன். அவனுடைய பஞ்சாங்கமே அவனைத் தள்ளிவிட்டிருக்கிறது. இரண்டு வாரமாகக் குழுவில் யாரும் பேசவில்லை, நீங்கள் எல்லாம் என்னை ஒதுக்கிவிட்டீர்கள் என்று நினைத்திருந்தானாம்.

அப்புறம் டிக் எடுக்கும் படலம். பக்கத்துக்கு முப்பது பேர், முகவரியின் முதல் எழுத்து வரிசையில். எஸ் எழுத்தில் மட்டும் 44 பேர். தமிழர் குழுவாயிற்றே, சுப்ரமணியன், சங்கரன், சுந்தரம், சேஷாத்ரி, சீனிவாசன், போதாததற்கு எஸ். என்று இனிஷியலில் தொடங்குகிறவர்கள். முதல் பக்கத்தில் முப்பது டிக்கையும் எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் பொத்தானை அழுத்தாமல் அடுத்த பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்தால் முப்பதும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. லெட்ஜரில் ஃபோலியோ மாற்றும்போது மொத்தம் எடுத்து எழுதாமல் போன மாதிரி. மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டேன்.

ஹோஸ்டிங்காரர் வெர்ப்பையும் போட்டுக் கொடுத்தார். பேய் நேற்று ராத்திரி பிடிபட்டது. கோயம்புத்தூரில் இருப்பவன், பழைய ஆபீஸ் முகவரிக்கு வருவதை மகளின் கல்லூரி முகவரிக்குத் திருப்பி வைத்திருக்கிறான். மகள் படித்து முடித்துக் கல்யாணமும் ஆகிவிட்டது.

பதில் பொத்தானையும் மாற்றிவிட்டேன். ஓட்டெடுப்பு எல்லாம் வைக்கவில்லை. டோம்பிவலித் தம்பி சொன்ன 72, 73 சண்டை எனக்கும் பிடிக்கும், ஆனால் சம்பந்தி முகத்தை மறுபடி பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. சண்டை போட விரும்புகிறவர்கள் ‘எல்லோருக்கும் பதில்’ பொத்தானைத் தேடிப் போகட்டும். மாமி, அடுத்த மாதக் கூட்டத்தில் காபி கொடுக்கும் நேரத்தில் ஒவ்வொருவர் போனையும் வாங்கிக் காட்டுவதாக இருக்கிறேன்.

எல்லாம் முடிந்ததும் காட்கோபர் நண்பனின் மறைவுச் செய்தியை, தாமதத்துக்குக் காரணமும் சொல்லி, மறுபடி போட்டேன். பதினைந்து நிமிஷத்தில் வர ஆரம்பித்தது. ஒருவன் அவனோடு மெட்ராஸுக்கு ரிசர்வேஷன் இல்லாமல் போன கதையை மூன்று பக்கம் எழுதியிருக்கிறான். குழுவில் பார்த்தால் ஒன்றும் இல்லை. நான்தானே மாற்றினேன், 58 பதிலும் எனக்கு மட்டும் வந்திருக்கிறது.

அவன் மனைவிக்கு மெயில் பார்க்கிற வழக்கம் இல்லை. 58ஐயும் பிரின்ட் எடுத்துவிட்டேன், கொஞ்சம் பெரிய எழுத்தில். சாயங்காலம் மழை விட்டதும் காட்கோபர் போகிறேன்.